நவம்பர் வெள்ளமும் ரம்ஜான் பணமும்

2021 நவம்பர் 19 அதிகாலை, வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. அன்று வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து விழுந்து ஒரே வீட்டில் ஒன்பது பேர் இறந்தார்கள்; நான்கு பேர் குழந்தைகள். பாலாற்றில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. கடலையே பார்க்காத மாவட்டங்கள்தானே என்று வேலூரையும் திருப்பத்தூரையும் புயல் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள், 1903 நவம்பரில் வாணியம்பாடியில் சுமார் 200 பேரை இதே ஆறு கொண்டுபோனதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தோல் தொழில் ஊர்களில் கொடுக்கிற கைக்குக் குறைவில்லை. தண்ணீர் வந்த மறுநாளே கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டி பிரியாணி தேக்சா ஏற்றிவிடுவார்கள். முதல் வாரம் எப்படியோ கழிந்துவிடும். நான்காவது மாதம்தான் கழியாது. அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறியிருக்கும், சுவர் பாதியில் நிற்கும், போர்வை கொடுத்தவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த மாதத்துக்குப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி என்ன? ஓர் அறக்கட்டளையோ ஜமாஅத்தோ செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை ரசீதில் தொடங்குகிறது. ‘வெள்ள நிவாரணம்’ என்று மட்டும் அச்சடித்து வாங்கிய பணத்தில் ஆறு மாதம் கழித்து வீடு கட்டினால், கொடுத்தவர் கேள்வி கேட்பார். ‘நிவாரணத்துக்கும் மறுவாழ்வுக்கும்’ என்று போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வங்கியில் தனிக் கணக்கு வேண்டும். ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மார்ச் 31. அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும் என்பது வருமான வரி விதி. நவம்பரில் வெள்ளம் வந்தால் மிச்சம் இருப்பது நான்கு மாதம். கணக்குப் பிள்ளை அவசரப்படுத்துவார். உடனே தேவையோ இல்லையோ இன்னும் ஆயிரம் போர்வை வாங்குவார்கள். இது தேவையில்லாத பயம். என்ன காரியத்துக்காகச் சேர்த்து வைக்கிறோம் என்று தீர்மானம் போட்டு, உரிய படிவத்தில் காலத்தோடு எழுதிக் கொடுத்து, பணத்தை வங்கி வைப்பில் போட்டால் ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. நீண்டகால உதவி பெரும்பாலும் இந்த ஒரு படிவம் போடாததால்தான் நின்றுபோகிறது என்பது என் கருத்து.

பிறகு பட்டியல். அரசு கொடுப்பதற்குப் பேரிடர் நிதி அளவுகோல் இருக்கிறது. 2021 வெள்ளத்தின்போது சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு ரூ.95,100, குடிசைக்கு ரூ.4,100; 2022-இல் அவை ரூ.1,20,000, ரூ.8,000 என்று உயர்ந்தன. கிராம நிர்வாக அலுவலர் எழுதிய பட்டியலை வாங்கி, அதில் விடுபட்டது யார் என்று தெருத்தெருவாகப் பார்க்க வேண்டும். இந்த ஊர்களில் விடுபடுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வகை. வாடகைக் குடித்தனக்காரர்கள், ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் பெண்கள். ஷூ கம்பெனிக்குள் வேலை செய்கிறவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஏதாவது இருக்கும். வீட்டில் தைப்பவருக்கு ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலியைத் தவிர வேறெதுவும் கிடையாது. வீடு நனைந்தால் அவருக்குத் தொழிற்சாலையே நனைந்த மாதிரி. ஆனால் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அறக்கட்டளைப் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

இனி பணத்தைப் பிரிப்பது. இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் எல்லா ரூபாயும் எல்லா வேலைக்கும் போகாது. முஸ்லிம்களின் கட்டாயத் தர்மமான ஜகாத் பணத்தை ஏழையின் கையில் உடைமையாகவே ஒப்படைக்க வேண்டும் என்பது இங்கே பெரிதும் பின்பற்றப்படும் ஹனஃபி சட்டம். அதனால் அதைக்கொண்டு தெருவுக்குத் தடுப்புச்சுவர் கட்ட முடியாது. ஒரு விதவைக்குச் சிமென்டும் கம்பியும் வாங்கி அவருக்கே சொந்தமாகக் கொடுக்கலாம். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர். வெள்ளத்துக்குப் பின் கந்துவட்டியில் மாட்டிய குடும்பத்தின் கடனை அடைக்கவும் அடகு நகையை மீட்கவும் இதைவிடப் பொருத்தமான பணம் கிடையாது. ஜகாத் முஸ்லிம்களுக்கே என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆகவே தோல் பதனிடும் ஷாப்பில் ஈரவேலை செய்யும் தலித் குடும்பங்களுக்கு, விருப்பக் கொடைகளான சதகாவிலிருந்தும் லில்லாஹ் கணக்கிலிருந்தும் எடுத்து வைக்க வேண்டும். ஒரே உண்டியலில் கொட்டிவிட்டுப் பிறகு பிரிக்க நினைத்தால் நடக்காது.

கம்பெனிப் பணத்துக்கு வேறு விதி. ஒரு ஆண்டில் ரூ.5 கோடி நிகர லாபத்தைத் தொட்ட நிறுவனம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். சின்ன தோல் ஷாப்புகள் இதில் வரா. பேரிடர் மறுகட்டுமானம் அனுமதிக்கப்பட்ட இனம்தான். ஆனால் தன் சொந்தத் தொழிலாளிகளுக்காக மட்டும் செய்யும் செலவை அந்தக் கணக்கில் எழுத முடியாது. ஜகாத் தொட முடியாத தடுப்புச்சுவருக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் இந்தப் பணம் சரியாக இருக்கும். தொடர் திட்டம் என்று அறிவித்தால் அடுத்த மூன்று நிதியாண்டு வரை செலவழிக்கலாம். வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர் இந்தியக் குடிமகனாகத் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஐரோப்பிய ஷூ பிராண்டு அனுப்பினால் ஆகும், அதற்கு வெளிநாட்டு நிதிச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் வழியில்லை.

வீட்டுக்குப் பணம் கொடுக்கும் முறை எளிது: அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக. ஆனால் நிலம் யார் பேரில் என்று தெரியாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் போட்ட அரசாணைப்படி, மனையை அரசு கொடுத்தது, தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு வீடு கட்டின, உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு வேண்டியதும் இதே வரிசைதான். பழைய இடத்திலேயே கட்டிக் கொடுப்பது அடுத்த வெள்ளத்துக்கு ஆள் சேர்ப்பது.

எத்தனை நாள் கூட இருக்க வேண்டும் என்பதை 2018 கஜா புயல் காட்டியது. விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு கொடுத்தது ரூ.1,100, அதில் ரூ.500 வெட்டி அப்புறப்படுத்தும் கூலி. நெட்டை ரகக் கன்று நட்டால் காய்க்க ஆறேழு வருடம். அந்த இடைவெளியைப் பிஸ்கட் பாக்கெட்டால் நிரப்ப முடியுமா? கஜா அடித்த பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயிகளின் ‘கைஃபா’ அமைப்பு, 2019-இல் நன்கொடை திரட்டிப் பெரிய ஏரியைத் தூர்வாரியது. நிவாரணம் முடிந்த பிறகு தொடங்கிய வேலை அது.

நம் ஊர்களில் இதுவரை நாட்காட்டியே உதவியது. 2021 நவம்பர் வெள்ளத்துக்கு அடுத்த ரம்ஜான் 2022 ஏப்ரலில் பிறந்தது. ஊரில் ஜகாத் அதிகம் புழங்கும் மாதம் சரியாகக் கஷ்டம் முற்றிய நேரத்தில் வந்தது. ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு முறை வரும், பிறகு மழைக்காலத்துக்குள்ளேயே நுழைந்துவிடும். அப்போது ஜகாத் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோகும். அதைச் சேர்த்து வைக்கவும் முடியாது, தாமதிக்காமல் கொடுக்க வேண்டிய பணம் அது. அதனால் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் லில்லாஹ் கணக்கில் ஒரு பகுதியை வெள்ள மறுவாழ்வுக்கென்று இப்போதிருந்தே தனியே வைக்கத் தீர்மானம் போடுங்கள். வாடகைக் குடித்தனங்களையும் அப்பர் தைக்கும் வீடுகளையும் செப்டம்பருக்குள் எழுதி முடியுங்கள்.