காற்றுக்கும் கணக்குண்டு

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் தொழில்வளத்தைப் புகழ்வோர் தறியையும் லாரியையும் ஜவ்வரிசியையும் கூறுவார்கள். அத்தொழில்களுள் பலவற்றுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாமல் உழைக்கும் ஒரு பொருளை எவரும் கூறுவதில்லை. அதுதான் அழுத்தப்பட்ட காற்று. நாமக்கல்லில் லாரிக்கூடு கட்டும் பட்டறையில் வர்ணம் தெளிப்பது அது. அந்த லாரியைப் பிரேக்கு போட்டு நிறுத்துவதும் அதுவே. திருச்செங்கோட்டு ரிக் வண்டி பாறையைத் துளைப்பதும் அதனால்தான். காற்று இறைவன் இலவசமாக அளித்த பொருள் என்பது மெய். ஆனால் கம்பிரஸருக்குள் புகுந்து வெளிவரும் காற்று விலையுயர்ந்த சரக்காகிவிடுகிறது. பத்துப் பங்கு சக்தியைச் செலவிட்டால் பிரயோஜனமான வேலையாகத் திரும்புவது ஏறக்குறைய ஒரு பங்கே. மற்றவை உஷ்ணமாகக் கழிந்து போகின்றன. இவ்வுண்மையை உணராமல் கடன் வாங்கி யந்திரம் நிறுத்துவோரின் முதல் கரைந்து போவதைத் தடுக்க வேண்டுமென்பதே இதனை எழுதுவதன் நோக்கம்.

காற்றைக் கொண்டு கல்லைத் துளைக்கும் வித்தை புதிதன்று. பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த மோன் ஸெனி சுரங்கத்தில், ஸொம்மேயே என்ற எஞ்சினியர் 1861-ம் வருஷம் காற்றினால் இயங்கும் துளைக் கருவிகளைப் புகுத்தினார். 1871-ல் அவ்வழியே ரயில் ஓடிற்று. அந்த வித்தையே இன்று திருச்செங்கோட்டாரின் ஜீவனோபாயமாக விளங்குகிறது. இவ்வூர் ரிக் வண்டிகள் போகாத ராஜ்யம் இந்தியாவில் அரிது. நிமிஷத்துக்குச் சுமார் 1,000 கன அடிக் காற்று, சதுர அங்குலத்துக்குச் சுமார் 300 பவுண்டு அழுத்தத்தில் குழாய் வழியே இறங்கி, துளையின் அடியிலுள்ள ஹாமரை இயக்குகிறது. பின் அக்காற்றே கற்பொடியை மேலே தூக்கி வருகிறது. காற்றின் அளவு குன்றினால் பொடி மேலே வராது, பிட் சிக்கிக்கொள்ளும், குழாயும் ஹாமரும் பூமிக்குள்ளேயே தங்கினும் தங்கும். ரிக் வண்டிக்குக் கம்பிரஸரே இருதயம் என்று கூறுவது மிகையாகாது.

ஆயினும் வாங்குங் காலத்தில் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, விலை என்ன என்பதே. ஓயாது ஓடும் ஒரு கம்பிரஸருக்குப் பத்து வருஷத்தில் ஆகும் மொத்தச் செலவில் சுமார் முக்கால் பங்கு மின்சாரத்துக்கோ டீசலுக்கோ போய்விடுகிறது. வாங்கிய விலை சிறு பங்கே. ஆகையால் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நமக்கு வேண்டிய அழுத்தத்தில் மெய்யாக எத்தனை கன அடிக் காற்று வெளிவரும்? அதற்கு மணிக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகும்? உதிரிச் சாமான் எந்த ஊரில் கிடைக்கும்? யந்திரம் நின்றால் பழுது பார்ப்பவர் எத்தனை நாழிகையில் வந்து சேருவார்? இவற்றுக்கு எழுத்து மூலமான விடை பெறாமல் பத்திரத்தில் கையெழுத்திடுவது விவேகமாகாது. தேவைக்கு மிஞ்சிய யந்திரத்தை வாங்குவதும் நஷ்டமே. பட்டறைக் கம்பிரஸர்களில் அழுத்தத்தை 15 பவுண்டு அநாவசியமாக உயர்த்தினால் நூற்றுக்கு ஆறு, ஏழு வீதம் சக்தி அதிகமாகச் செலவாகும்.

வாங்கியபின் பராமரிப்பு. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தமுள்ள பட்டறைக் குழாயில் அரைக்கால் அங்குலத் துவாரம் ஒன்றிருந்தால், சுமார் ஐந்து குதிரைச் சக்தி இரவும் பகலும் வீணே ஊதிப் போகிறது. எண்ணெய் ஒழுகினால் தரையில் கறை தெரியும். தண்ணீர் ஒழுகினால் ஈரம் தெரியும். காற்று ஒழுகினால் சீறும் ஒலியைத் தவிர வேறு அடையாளமில்லை. வேலை ஓய்ந்த இரவில் காது கொடுத்துக் கேட்டு, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தால் கள்ளன் அகப்படுவான். காற்றுத் தொட்டியின் அடியில் சேரும் நீரை நாள்தோறும் வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால் துரு உட்புறத்தைத் தின்றுவிடும். எண்ணெயையும் வடிகட்டிகளையும் குறித்த மணிக்கணக்கில் மாற்ற வேண்டும். சேலத்துக் கோடையில் தூசி படிந்து அடைபட்ட கூலரோடு யந்திரத்தை ஓட்டுவது காய்ச்சல் கண்டவனை மூட்டை சுமக்கச் செய்வதற்கு ஒப்பாகும்.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. ரிக் கிளப்பும் கற்பொடியை அருகே நிற்கும் கம்பிரஸரும் சுவாசிக்கிறது, தொழிலாளியும் சுவாசிக்கிறான். யந்திரத்துக்கு வடிகட்டி மாற்றும் முதலாளி, ஆளுக்கு நல்ல முகமூடி வாங்கித் தரத் தயங்குவது என்ன நியாயம்? கற்பொடியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுத்தால் அதற்கு உதிரிச் சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. காற்றோடு சிறிது நீரும் நுரையும் கலந்து செலுத்தினால் தூசி பெரிதும் அடங்கும். செலவு சொற்பம், காக்கப்படுவதோ உயிர். அவ்வாறே, அழுத்தப் பாத்திரங்களில் பத்திரமான அளவுக்கு மேல் அழுத்தம் ஏறாதபடி தக்க ஏற்பாடு செய்யவேண்டுமென்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31-வது பிரிவு விதித்தது. சட்டத்துக்குள் அடங்காத சிறு பட்டறையிலும் பழந்தொட்டி வெடித்தால் போவது உயிரே. சேப்டி வால்வைக் கம்பியால் கட்டி வைப்பவன் தன் வீட்டுக்குத் தானே வெடி வைக்கிறான்.

ஒரு காலத்தில் இத்தகைய யந்திரங்களுக்கு அந்நிய தேசத்தையே எதிர்நோக்கியிருந்தோம். 1960-ல் கோயம்புத்தூரில் தோன்றிய எல்ஜி கம்பெனி கம்பிரஸர்களைச் செய்து பல தேசங்களுக்கும் அனுப்பி வருகிறது. 2012-ல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருந்த கம்பெனிகளை விலைக்கே வாங்கிற்று. இது பெருமைக்குரியதே. ஆனால் உள்நாட்டு யந்திரத்தை வாங்குவதோடு சுதேசியம் முடிந்துவிடாது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் அமைத்தபோது கிராமத்தாருக்கு ராட்டினத்தை மட்டும் கொடுத்து நிற்கவில்லை. அதை ஆளும் திறமையையும் வளர்க்க முயன்றார். தன் கருவியைத் தானே அறிந்து, தானே பேணுபவனே சுதந்திரன். பழுது நேருந்தோறும் பிறர் கையை எதிர்பார்ப்பவன், கருவிக்குச் சொந்தக்காரனாயினும் அடிமையே.

ஆகவே ரிக் உடைமையாளர் சங்கங்களும் பட்டறைக்காரரும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஒன்றுகூடி, கம்பிரஸர் பராமரிப்பை நம் இளைஞருக்கு முறையாகக் கற்பிக்க முன்வர வேண்டும். ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கட்டும். ஓடிய மணி, எரிந்த டீசல், மாற்றிய வடிகட்டி ஆகியவை நாள்தோறும் அதில் ஏறட்டும். நெல்லுக்கும் நூலுக்கும் கணக்கு வைத்தறிந்த நம்மவருக்குக் காற்றுக்குக் கணக்கு வைப்பது அரிதன்று.