எதிரியின் சீருடையில் ஓர் அகதி

நேயர்களே, கூத்து மேடையில் இராவணனாக வேடங்கட்டும் கலைஞன் இராவணனை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால், தன் குடும்பத்தையே ஊரை விட்டுத் துரத்தியவர்களின் சீருடையை ஒரு நடிகன் அணிய நேர்ந்தால், அதை அவன் எப்படி அணிவான்? இதற்கு விடை சொல்கிறது குணசித்திர நடிகர் வேர்னர் கிளெம்பரரின் வாழ்க்கை.

1920ஆம் ஆண்டு ஜேர்மனியின் கொலோன் நகரில் பிறந்தவர் அவர். தந்தை ஒட்டோ கிளெம்பரர், உலகப் புகழ் பெற்ற இசைக்குழு நடத்துநர். தாய் ஜொஹானா, இசைநாடகப் பாடகி. தந்தை பிறப்பால் யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, பெற்ற புகழும் அவரைக் காக்கவில்லை. கத்தோலிக்கராக மதம் மாறியிருந்ததும் காக்கவில்லை. நாட்டை விட்டு வெளியேறிய அக்குடும்பம் 1935இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியமர்ந்தது.

மகன் நடிப்புப் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, பசிபிக் பகுதியில் படையினருக்காக நாடகங்களில் நடித்தார். போருக்குப் பின் திரையுலகம் அவருக்கு எந்த வேடங்களைக் கொடுத்தது தெரியுமா? 1961இல் ஒரு படத்தில் நூரம்பேர்க் நீதிமன்றக் கூண்டில் நிற்கும் நாசிக் குற்றவாளி. அதே ஆண்டில் இன்னொரு படத்தில் இலட்சக்கணக்கான யூதர்களைச் சாவுக்கு அனுப்பிய ஐக்மன்!

1965இல் ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஆரம்பமானது. ஜேர்மனியப் போர்க்கைதிகள் முகாம் ஒன்றே கதைக்களம். முகாமின் தளபதி கேர்ணல் கிளிங்க் வேடம் கிளெம்பரருக்கு. அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: கிளிங்க் ஒருபோதும் வெற்றி பெறக்கூடாது, முட்டாளாகவே இருக்க வேண்டும். 1971 வரை 168 அத்தியாயங்களிலும் ஒற்றைக் கண்ணாடியும் இறுமாப்புமாக வந்த அத்தளபதி, கைதிகளிடம் தோற்றுக்கொண்டே இருந்தார். 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் சிறந்த துணை நடிகருக்கான எமி விருது கிளெம்பரருக்குக் கிடைத்தது.

அந்தக் கொடுமையை வைத்துச் சிரிக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், தொடரில் காவலன் ஷுல்ற்ஸாக நடித்த ஜோன் பானரும் நாசிகளுக்குத் தப்பி வந்த யூதரே. பிரெஞ்சுக் கைதியாக நடித்த றொபேர்ட் கிளாரியோ, பூகன்வால்ட் வதைமுகாமிலிருந்து 1945இல் உயிரோடு மீண்டவர். பெற்றோர் உட்படக் குடும்பத்தில் பன்னிரண்டு பேரைப் பறிகொடுத்தவர். அவர்கள் வேதனையைக் கண்டு சிரிக்கவில்லை. அதை விளைத்தவனின் மிடுக்கைக் கண்டு சிரித்தார்கள். அச்சத்தால் ஆள்பவனுக்குச் சிரிப்பை விடப் பெரிய அவமானம் வேறு உண்டா?

1987இல் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்கில் ‘கபரே’ நாடகம் மீண்டும் மேடையேறியபோது, கிளெம்பரர் வேறொரு மனிதராக வந்தார். அதில் அவர் பேர்லினில் பழக்கடை நடத்தும் ஒரு வயோதிப யூதர். சூழ்ந்து வரும் ஆபத்து தானாகவே கடந்து போய்விடும் என்று நம்பி, ஊரை விட்டுப் போக மறுப்பவர்.

நேயர்களே, அந்த வியாபாரியைப் போல ஒட்டோ கிளெம்பரரும் நம்பியிருந்தால்? 2000ஆம் ஆண்டு டிசம்பரில், எண்பதாவது வயதில், நியூயோர்க்கில் மறைந்த அந்த நடிகரை உலகம் அறிந்தே இருக்காது.