அத்தைக்காக ஒரு படம்!

"ஏங் கண்ணு, எல்லாம் ஓடுது... ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே!"

மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண் எரிய, முதுகு வலிக்க நான் தயார் செய்த படத்தைப் பார்த்துவிட்டு என் மாமியார் சொன்ன விமரிசனம் இது. எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. ஆனால் சகோதரிகளே, படத்தை வெட்டி ஒட்டுவதில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்கிற சமாசாரம், அவ்வளவே!

நாங்கள் சேலத்தில் ஏற்காடு ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறோம். அத்தைக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் வலி. வண்டி இரண்டு வளைவு வளைந்தால் போதும், வாந்தி வந்துவிடும். அவருடைய ஒரே அண்ணன், எங்களுக்குப் பெரிய மாமா, வாலிபத்திலேயே கொல்லிமலைக்குப் போய் சோளக்காட்டுப் பக்கம் கடை வைத்து அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கு 81. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்! அத்தையால் ஏற முடியாது, மாமாவால் இறங்க முடியாது. போனில் பேசலாமென்றால் மாமாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அண்ணனும் தங்கையும் முகம் பார்த்து வருஷக்கணக்காகிறது.

போன தீபாவளி லீவில் நாங்கள் கிளம்பியபோது அத்தை சொன்னார்: "நான் வரல கண்ணு. எல்லாத்தையும் போன்ல புடிச்சிட்டு வாங்க. உக்காந்து பாத்துக்கறேன்."

பிடித்தேன், பிடித்தேன், அப்படிப் பிடித்தேன்! ராசிபுரம் தாண்டியதும் ஆரம்பித்து, வளைவுகள், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை, சோளக்காட்டுச் சந்தையில் மலைவாழையும் அன்னாசியும், அறப்பளீஸ்வரர் கோயில் வாசல், ஆயிரத்துக்கும் மேலான படி இறங்கி ஆகாய கங்கை... வீட்டுக்கு வந்து எண்ணினால் 43 துண்டு, மொத்தம் 50 நிமிஷம். டி.வி.யில் போட்டோம். பத்தாவது நிமிஷம் என்னவர் குறட்டை! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நிறுத்த மறந்து, போனைத் தொங்கவிட்டபடி நடந்ததில் என் செருப்பு மட்டுமே நாலு நிமிஷம் நடித்திருந்தது.

"இதை வெட்டிச் சுருக்கினா என்ன?" என்றேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், "நீங்களா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் என்னை உட்கார வைத்தது.

நம்ம ஊர்த் தொழில்தானே!

எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு. டி.ஆர். சுந்தரம் அவர்கள் 1935-ல் ஆரம்பித்த ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கே உருவானதுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அந்தக் கம்பெனியின் தயாரிப்பே.

அந்தக் காலத்தில் எடிட்டிங் என்றால் நிஜமாகவே வெட்டுவதுதான். ஒரு நொடிக்கு 24 சின்னச் சின்னப் படங்கள். ஒரு நிமிஷத்துக்கு 90 அடி பிலிம். அதைக் கையில் பிடித்துப் பார்த்து, வெட்டி, ஒட்டிக் கோக்க வேண்டும். பொறுமையும் விரல் நிதானமும் வேண்டிய வேலை. பூ தொடுக்கிற நமக்கு வராதா என்ன? இந்தி சினிமாவில் ரேணு சலூஜா என்ற பெண்மணி எடிட்டிங்குக்காக நான்கு முறை தேசிய விருது வாங்கியிருக்கிறார். முதல் விருது 'பரிந்தா' (1989) படத்துக்கு. 'இது ஆம்பிளைங்க வேலை' என்று இனி யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்!

முதல் நாள்

முன்பெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'மூவி மேக்கர்' என்று ஒரு எளிய புரோகிராம் இருந்தது. 2000-ல் வந்தது. 2017 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இன்று இன்டர்நெட்டில் ஏதாவது கண்ணில் பட்டால் இறக்கிவிடாதீர்கள். போலிகள் வந்து பலர் ஏமாந்திருக்கிறார்கள். விண்டோஸ் 11-ல் 'கிளிப்சாம்ப்' கூடவே வருகிறது. நான் பயன்படுத்துவது 'ஷாட்கட்'. இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்து மகன் இறக்கிக் கொடுத்தான்.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கேபிள் போட்டுத்தான் படங்களை மாற்ற வேண்டும். நான் முதலில் சுலபமாயிருக்கிறதே என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டேன். அது படத்தைச் சுருக்கிவிடுவதால் ஆகாய கங்கை அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மங்கலாகிவிட்டது!

திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். 'டைம்லைன்' என்கிறார்கள். கொடியில் துணி காயப்போடுவதுபோல, துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து அதில் வரிசையாகப் போட வேண்டும். வேண்டாத இடம் ஆரம்பிக்கும்போது நிறுத்தி 'எஸ்' எழுத்தைத் தட்டினால் அங்கே வெட்டுப்படும். முடிகிற இடத்தில் இன்னொரு வெட்டு. நடுத்துண்டை எடுத்துவிட வேண்டியதுதான். தப்பாக வெட்டிவிட்டோமா? கன்ட்ரோலும் 'இசட்'டும் சேர்த்து அழுத்தினால் பழையபடி ஒட்டிக்கொள்ளும். தையலில்கூட இந்தச் சௌகரியம் கிடையாது!

கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காட்சி சுழன்று மறைய, அடுத்தது புத்தகம்போல் புரள, எதுவும் மூன்று நொடிக்கு மேல் நிற்காமல், அடியில் ஒரு சினிமாப் பாட்டையும் ஓடவிட்டேன். 50 நிமிஷம் ஆறு நிமிஷமாயிற்று. கல்யாண வீடியோ தோற்றது போங்கள்!

அதைப் பார்த்துவிட்டுத்தான் அத்தை அப்படிச் சொன்னார். இன்னும் இரண்டும் கேட்டார். "தண்ணி உழுகுது, சத்தத்தையே காணோமே?" என்றார் முதலில். கொஞ்சம் தயங்கி, "அண்ணன் என்னமோ சொல்ல வாயெடுத்தாரே... அதுக்குள்ள வெட்டிப் போட்டியே கண்ணு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

அழிந்து போனதா?

மாமாவை நான் இரண்டு நிமிஷத்துக்கு மேல் எடுத்திருந்தேன். அவர் துண்டைச் சரிசெய்தார், செருமினார், போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். 'இழுவை' என்று நினைத்து, அவர் சிரித்த நாலு நொடியை மட்டும் எடுத்துப் பாட்டோடு ஒட்டிவிட்டேன்.

சரி, மறுபடி சேர்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், கோப்புகளைக் காணவில்லை என்கிறது! விஷயம் இதுதான்: படம் முடிந்த சந்தோஷத்தில், இடத்தை அடைக்கிறதே என்று 43 துண்டுகளையும் போனிலும் அழித்து, கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டேன். டைம்லைனில்தான் எல்லாம் இருக்கிறதே என்று நினைப்பு. இல்லையாம்! நாம் சேமிக்கும் 'புராஜெக்ட்' என்பது வெறும் குறிப்புச் சீட்டு. 'இந்தக் கோப்பில் இந்த நொடியிலிருந்து இந்த நொடிவரை' என்று எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சாமான் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு சாமானைக் கொட்டிவிட்ட கதை!

போனின் குப்பைத்தொட்டியில் பார்த்தோம். விளையாட்டு இறக்க இடம் வேண்டுமென்று மகன் அதையும் காலி செய்திருந்தான். எனக்குக் கை நடுங்கியது. 81 வயது மனிதர். மறுபடி எப்போது மலையேறுவோம்? ஏறினாலும் அதே பேச்சை அவர் பேசுவாரா?

"அம்மா, கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியப் பாத்தீங்களா?" என்றான் மகன். ரீசைக்கிள் பின்னைத் திறந்தால், தெய்வமே, 43-ம் இருந்தன! 'ரெஸ்டோர்' கொடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. ஷிஃப்டோடு சேர்த்து டெலீட் அழுத்தியிருந்தால் அங்கேயும் இருந்திருக்காது.

அன்றைக்கே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டி வைத்தேன்.

மாமா சொன்னது

ஹெட்போன் மாட்டி முழுசாகக் கேட்டேன். "தங்கச்சி, நல்லாருக்கியா? கால் வலி எப்படி இருக்குது? முடவாட்டுக்கால் கெழங்கு குடுத்தனுப்பறேன், சூப்பு வெச்சுக் குடி... அந்த வருசம் வந்தப்ப நீ நட்டுட்டுப் போனியே பலாக்கன்னு, இந்த வருசம் முப்பது காய்க்கு மேல புடிச்சுது. அதோ, பாரு!" என்று கையை நீட்டுகிறார்.

கிழங்கு எங்கள் எல்லோருக்கும் என்று நினைத்து நான் பரணில் போட்டிருந்தேன். அதைவிடக் கொடுமை, மாமா கை நீட்டிய பக்கம் நான் போனைத் திருப்பவே இல்லை! மரத்தைக் காணோம்.

கைவிடாமல், குப்பை என்று ஒதுக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். என் செருப்பு நடித்த அந்த நாலு நிமிஷத்தில், மகன் கூப்பிட்ட சத்தத்துக்குப் போன் சட்டென்று நிமிர்கிறது. அங்கே, கடைக்குப் பின்னால், அடியிலிருந்து நுனிவரை அந்தப் பலா மரம்! ஆறு நொடி. "அதோ, பாரு!" என்ற சொல்லுக்குப் பின்னால் அதை ஒட்டினேன்.

இரண்டாவது படத்தில் சுழற்சி, புரட்டல் எதுவும் இல்லை. சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு அருவிச் சத்தத்தை அப்படியே விட்டேன். ஒவ்வொரு காட்சியும் ஆற அமர நின்றது. மாமா பேச்சில் ஒரு செருமலைக்கூட வெட்டவில்லை. மொத்தம் 14 நிமிஷம்.

அத்தை பார்த்தார். மரம் வந்ததும் "நிறுத்து, நிறுத்து" என்றார். நிறுத்தினேன். கிட்டே போய்த் திரையில் அதன் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "ம்... இப்பத்தான் நிக்குது கண்ணு" என்றார்.

உங்களுக்குச் சில குறிப்புகள்

* போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். ஒரு காட்சியைக் குறைந்தது பத்து நொடி அசையாமல் எடுங்கள். யாராவது எதையாவது கை காட்டினால் அந்தப் பக்கம் திருப்புங்கள்!

* நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு நிமிஷப் படமே 100 எம்.பி.யைத் தாண்டிவிடும். கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

* மூலப் படங்களுக்கு இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். அதன் பிறகே வெட்ட உட்காருங்கள்.

* பாட்டுச் சேர்த்தாலும் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். வருஷம் போனால் வீட்டார் குரல்தான் நமக்குப் பாட்டு.

* முடிந்த படத்தை 'எம்.பி.4' வகையில் எடுத்தால் பெரும்பாலான டி.வி.க்களில் பென் டிரைவிலிருந்தே ஓடும்.

* 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியுள்ள ஒன்றை 20 நொடி பாருங்கள். கண் களைக்காது. முதுகுக்குத் தலையணை வையுங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மட்டும் உட்காராதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்!

* முடவாட்டுக்கால் சூப்பை அத்தை ருசித்துக் குடிக்கிறார். ஆனால் மூட்டு வலிக்கு டாக்டர் கொடுத்த மருந்தையும் பயிற்சியையும் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

இப்போது இன்னொரு படம் தயாராகிறது. இதில் கதாநாயகி அத்தை! பெரிய மாமாவுக்குப் பதில் சொல்கிறார். மாமாவுக்குத்தான் காது கேட்காதே என்கிறீர்களா? அத்தை பேசுவதையெல்லாம் படத்தின் அடியில் கொட்டை எழுத்தில் தமிழில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் என் கொழுந்தனார் அதை எடுத்துக்கொண்டு 70 வளைவும் ஏறப் போகிறார்.

அத்தை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறார்: "நான் பேசறப்ப நடுவுல வெட்டிப் போடாத கண்ணு!"