சூலகப் பல்பை நோய்க்குறியில் அழற்சியும் புரதச்சிதைப்பித் தடுப்பிகளும்

சூலகப் பல்பை நோய்க்குறி என்பது இனப்பெருக்க வயதுப் பெண்களின் ஹார்மோன் சமநிலையையும் வளர்சிதை மாற்றத்தையும் ஒருசேரப் பாதிக்கும் ஒரு நிலையாகும். மருத்துவமனைகளில் இது பிசிஓஎஸ் என்றும், பேச்சுவழக்கில் சினைப்பை நீர்க்கட்டி என்றும் குறிப்பிடப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி இவ்வயதினரில் 6 முதல் 13 விழுக்காட்டினரிடம் இது உள்ளது. நீர்க்கட்டி என்ற சொல் வீண் அச்சத்தைத் தருவது. ஸ்கேனில் தெரியும் சிறு வட்டங்கள் உண்மையில் கட்டிகள் அல்ல. முழு வளர்ச்சி அடையாமல் இடையில் நின்றுபோன அண்ட நுண்ணறைகள்.

இந்நோய்க்குறி உள்ளவர்களின் உடலில் மிதமான ஆனால் நெடுநாள் நீடிக்கும் அழற்சி காணப்படுகிறது. இரத்தத்தில் சி-வினைப் புரதம் சற்றே உயர்ந்திருப்பது அதன் அடையாளங்களுள் ஒன்று. இந்த அழற்சியோடு தொடர்புடைய பொருள்களில் புரதச்சிதைப்பித் தடுப்பிகளும் அடங்கும்.

வெட்டும் நொதியும் அதன் காவலும்

புரதங்களை வெட்டிச் சிதைக்கும் நொதிகள் புரதச்சிதைப்பிகள் எனப்படும். சிறுகுடலில் உணவைச் செரிக்கும் டிரிப்சின், இரத்த உறைவைக் கரைக்கும் பிளாஸ்மின் ஆகியவை இவ்வகையின. இவை வரம்பின்றி இயங்கினால் உடலின் சொந்தத் திசுவே அரிக்கப்படும். அதைத் தடுக்க உடலே உருவாக்கும் புரதங்கள்தாம் தடுப்பிகள். இவற்றில் செர்பின் என்னும் குடும்பத்தின் செயல்முறை எலிப்பொறியை ஒத்தது. தடுப்பியின் நீட்டிய வளையத்தை இரையென எண்ணி நொதி வெட்டுகிறது. வெட்டியவுடன் வளையம் உள்ளே மடங்கி நொதியையும் இழுத்துச் சென்று உருக்குலைத்துவிடுகிறது. பொறியும் எலியும் இரண்டுமே அத்தோடு பயனற்றுப் போகின்றன.

கல்லீரலில் உருவாகும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. இது பிறவியிலேயே குறைந்திருப்பவர்களுக்கு நுரையீரலின் காற்றறைகள் சிதையும் என்பது 1963இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் ஆகியோரால் வெளியிடப்பட்டது. இதை மட்டும் படிப்பவர்கள், தடுப்பி மிகுந்தால் அழற்சி குறையும், அதனால் நன்மையே என்று முடிவுகட்டக்கூடும். பிசிஓஎஸ் அந்த முடிவைப் பொய்யாக்குகிறது.

பிஏஐ-1 என்னும் தடுப்பி

பிளாஸ்மினோஜென் தூண்டித் தடுப்பி-1, சுருக்கமாக பிஏஐ-1, இதுவும் ஒரு செர்பின். பிளாஸ்மின் உருவாவதை இது தடுக்கிறது. இரத்தக்குழாய்ச் சுவரிலும் கொழுப்புத் திசுவிலும் சுரக்கும் இதன் அளவை இன்சுலினும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களும் உயர்த்துகின்றன. அதாவது இங்கே தடுப்பி அழற்சியை அடக்கவில்லை. அழற்சியின் விளைவாகவே பெருகுகிறது. உறைவைக் கரைக்கும் ஆற்றல் அதனால் குறைகிறது.

அண்டம் வெளியேறும் நிகழ்வே அழற்சியை ஒத்தது என்ற கருத்தை லாரன்ஸ் எஸ்பி 1980இல் முன்வைத்தார். எல்எச் ஹார்மோன் உச்சமடைந்ததும் நுண்ணறையில் இரத்த ஓட்டம் பெருகுகிறது, புராஸ்டாகிளாண்டின்கள் சுரக்கின்றன, பிளாஸ்மினும் கொலாஜன் சிதைக்கும் நொதிகளும் சுவரை ஓரிடத்தில் மெலியச் செய்கின்றன. அந்த இடத்தில் சுவர் திறந்து அண்டம் வெளிவருகிறது. பிற இடங்களில் அரிப்பு பரவாமல் தடுப்பிகள் காக்கின்றன.

பிசிஓஎஸ் உள்ளவர்களின் இரத்தத்தில் பிஏஐ-1 மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பிஏஐ-1ஐ மிகையாகச் சுரக்குமாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் சூலகத்தில் பல்பை மாற்றங்கள் தோன்றியதாக 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயினும் இதை ஒரே காரணமாகக் கொள்ள இயலாது. பிளாஸ்மினோஜென் தூண்டிகள் இரண்டும் நீக்கப்பட்ட சுண்டெலிகளில்கூட அண்டம் வெளியேறுவது குறைந்ததே தவிர நின்றுவிடவில்லை. மேலும் பிசிஓஎஸ்ஸில் பெரும்பாலான நுண்ணறைகள் வெடிக்கும் கட்டத்தையே எட்டுவதில்லை. உடல் எடையைக் கணக்கில் எடுத்தபின் பிஏஐ-1 வேறுபாடு குறைந்துபோன ஆய்வுகளும் உண்டு.

சுழற்சி எவ்வாறு தொடர்கிறது

அழற்சிப் பொருள்கள் இன்சுலினின் சமிக்ஞையைத் தடை செய்கின்றன. அதை ஈடுகட்ட இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சூலகத்தின் தீக்கா செல்களைத் தூண்டி ஆண்ட்ரோஜனை உயர்த்துகிறது. ஆண்ட்ரோஜன் வயிற்றுப் பகுதிக் கொழுப்பைக் கூட்ட, அக்கொழுப்பு மீண்டும் அழற்சிப் பொருள்களையும் பிஏஐ-1ஐயும் வெளியிடுகிறது. மெலிந்த உடலினரிடமும் இந்த அழற்சி காணப்படுவதால் உடல் எடையை மட்டும் குறைகூறுவது சரியாகாது.

பெயரால் வரும் குழப்பம்

எச்ஐவி சிகிச்சையில் பயன்படுத்தப்பட்ட சாக்வினாவிர், இண்டினாவிர் முதலிய மருந்துகளும் புரதச்சிதைப்பித் தடுப்பிகள் என்றே வழங்குகின்றன. அவை வைரசின் நொதியைத் தடுப்பவை. பிசிஓஎஸ்ஸுக்கான மருந்துகள் அல்ல. இண்டினாவிர் செல்களுக்குள் குளுக்கோஸ் செல்லும் வழியையே தடுத்து இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்கக்கூடியது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி இவற்றை நாடினால் கேடே விளையும்.

பிஏஐ-1 அளவு நோயறிதலுக்குப் பயன்படுவதில்லை. 2003ஆம் ஆண்டு ராட்டர்டாம் வரையறையின்படி, ஒழுங்கற்ற அண்டவெளியீடு, மிகுந்த ஆண்ட்ரோஜன், ஸ்கேனில் பல்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். இதே அறிகுறிகளைத் தரும் பிற நோய்கள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம் என்கின்றன பன்னாட்டு வழிகாட்டுதல்கள். அவ்வயதில் இத்தோற்றம் இயல்பாகவே காணப்படும். உணவு, உடற்பயிற்சி வழியாக எடை குறைந்தவர்களிடமும், மெட்ஃபார்மின் உட்கொண்டவர்களிடமும் பிஏஐ-1 இறங்கியது சில ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. மெட்ஃபார்மின் மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து.