தீர்ப்பு தெரியும்... இது தெரியுமா?

"அவன் சரியான 420!" என்று இனி யாரையாவது திட்டினால் சட்டப்படி செல்லாது, தெரியுமா? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மொத்தமே 358 பிரிவுகள்தான்! மோசடி இப்போது 318-க்குக் குடிபோய்விட்டது. சினிமா வசனகர்த்தாக்கள் கவனிக்க: கொலைக்கு 302 இல்லை, 103. புதிய 302 எதற்குத் தெரியுமா? பிறர் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு!

அதை விடுங்கள். கட்சிகளுக்கு நன்கொடை தரப் பயன்பட்ட தேர்தல் பத்திரத்தில் ஒரு ரகசிய எண் ஒளிந்திருந்ததே, தெரியுமா? வாங்கியவர் பெயரும் இருக்காது, பெறும் கட்சியின் பெயரும் இருக்காது. பார்த்தால் வெறும் தாள். 2018-லேயே ஒரு பெண் பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றை வாங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். புற ஊதா விளக்கில் பிடித்ததும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை பளிச்சென்று தெரிந்தது! 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தையே ரத்து செய்தார்கள். யார் வாங்கினார், எந்தக் கட்சி பெற்றது என்ற விவரத்தையும் கேட்டார்கள். அதைத் தர, பத்திரங்களை விற்ற ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் கொடுத்ததோ ஒரே நாள்! வந்த பட்டியலிலும் வாங்கியவர் தனி, பணமாக்கிய கட்சி தனி. யார் யாருக்குக் கொடுத்தார்? அந்த ரகசிய எண்ணையும் கொடு என்று உத்தரவு பறந்தது. கொடுத்தார்கள், குட்டு வெளிப்பட்டது. வாங்கியவர்களில் முதலிடம் கோவையின் லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி ரூபாய்!

அப்பாவின் தீர்ப்பை மகனே ரத்து செய்த கதை தெரியுமா? 1976, நெருக்கடி நிலை. காரணமின்றிச் சிறையில் தள்ளினாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றார்கள் 4 நீதிபதிகள். அவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். தனியாளாக எதிர்த்தவர் எச்.ஆர். கன்னா. அடுத்த ஆண்டே, சீனியரான அவரைத் தாண்டி இன்னொருவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்துவிட்டார். 2017-ல், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற வழக்கில், அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். மகனேதான்! (வழக்குப் போட்ட ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமிக்கு, போட்டபோது வயது 86!) இருங்கள், இன்னும் இருக்கிறது. 2024 நவம்பரில் மகன் சந்திரசூட் தலைமை நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற, அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர் சஞ்சீவ் கன்னா, அன்று தனித்து நின்ற கன்னாவின் உடன்பிறந்தவர் மகன்! சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்போம்.

கடைசியாக நம்மூர் அதிசயம். ஆளுநர் கையெழுத்தே இல்லாமல் 10 மசோதாக்கள் சட்டமானது தமிழ்நாட்டில்தான்! 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-வது பிரிவைக் கையில் எடுத்தது. ஆளுநர் ஒப்புதல் தராமல் திருப்பியவற்றைச் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பிய 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்றது. சில நாளில் அரசிதழிலும் ஏறிவிட்டது. மே மாதம் குடியரசுத் தலைவர் இது பற்றி உச்ச நீதிமன்றத்திடமே 14 கேள்விகள் கேட்டார். நவம்பர் 20 அன்று 5 நீதிபதிகள் சொன்ன பதில்: ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கொள்வதும் கூடாது. அதே நீதிமன்றம், ஏழே மாதத்தில்!