கடைக்கால் எடுக்கும் முன்…

ஸ்ரீபெரும்புதூரில் உடையவரைச் சேவித்துவிட்டுச் சென்னை திரும்பும் அன்பர்கள், பெங்களூரு நெடுஞ்சாலையில் சிறிது தொலைவிலேயே பென்னலூரைக் கடப்பர். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, இச்சுற்றுவட்டாரத்தில் வயலும் கொல்லையும் மனைகளாகின்றன. ஓய்வூதியப் பணத்தில் பிள்ளைகளுக்கென ஒரு மனை வாங்கி வைத்தவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பர்.

மனை கோலுமுன் மண்ணைப் பரீட்சித்தல் முன்னோர் வழக்கம். ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட்டு நிரப்பிப் பார்க்கச் சொல்கிறார் வராகமிகிரர். மண் மிஞ்சினால் உத்தமம்; குறைந்தால் ஆகாது. குழியில் நீர் நிரப்பி, நூறடி நடந்து மீண்டு வந்து, நீர் வற்றியிருக்கிறதா என்று நோக்குவதும் உண்டு. எலும்பு, கரி முதலியன தென்பட்டால் சல்லியம் எனக் கொண்டு அகற்ற வேண்டும் என்பர் வாஸ்து நூலோர்.

சிக்கல் இங்கேதான். நாம் சல்லியம் என்று ஒதுக்குவதே தொல்லியலாருக்கு வரலாற்று ஏடு. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, கற்கருவிகளும் பொன் அணிகலன்களும் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. பல்லாவரத்திலும் சானூரிலும் கிடைத்த ஈமப்பேழைகள், பெருங்கற்கால மக்கள் தம் மூத்தோரை எவ்வளவு பரிவோடு அடக்கம் செய்தனர் என்பதைக் காட்டுகின்றன. நாம் நீத்தார் கடன் இயற்றுவதும் அதே பரிவினால் அன்றோ? தோஷம் என்றஞ்சி அவற்றை இரவோடிரவாக உடைத்தெறிவது எவ்வகையிலும் தகாது.

தொல்லியலாரின் சோதனையும் குழியில்தான் தொடங்குகிறது. முதலில் நிலத்தின் மேற்பரப்பில் பானையோடுகளைத் தேடுவர். பிறகு சிறு சதுரக் குழியிட்டு, மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும் பொருளையும் குறித்துக்கொள்வர். பொக்லைன் இயந்திரமோ எல்லா அடுக்கையும் ஒரே வாரலில் கலந்துவிடும்.

இங்கிலாந்தில் 1990 முதல், தொல்பொருள் இருக்கக்கூடிய இடமாயின் கட்டட அனுமதிக்கு முன்பே இத்தகைய ஆய்வைக் கேட்கும் முறை வந்தது. நம் நாட்டில் சாதாரண மனைக்கு அக்கட்டாயம் இல்லை. ஆயினும் மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள தொல்லிடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட இயலாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன்னனுமதி வேண்டும். பத்திரம் பதியுமுன் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கும் நாம், இதையும் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

சீர்காழி சட்டைநாதர் ஆலயத்தில் 2023 ஏப்ரலில், குடமுழுக்கு யாகசாலைக்காக மண்ணெடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட பஞ்சலோகத் திருமேனிகளும் தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்ததை அன்பர்கள் மறந்திரார். அத்தகைய பாக்கியம் நம் மனையில் வாய்த்தால்? புளியிட்டுத் துலக்குதலும் எண்ணெய்க் காப்பும் அப்போது வேண்டா. பழைய எழுத்துகள் அழிந்துபோகும். வேலையை நிறுத்தி, பொருளை அசைக்காமல், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எப்புதையலுக்கும் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் கடமை இது. கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே சொல்லிவைப்பதும் நலம்.