சரக்கு வண்டி நிற்க ஓர் இடம்

சங்கம் கிடங்கோ விற்பனை நிலையமோ கட்ட முற்படும்போது, நிலத்தின் விலை, சுவரின் கனம், கூரையின் வகை குறித்து நிர்வாகக் குழுவில் நெடுநேரம் ஆலோசிக்கின்றனர். சரக்கு லாரி எங்கே நிற்கும் என்னும் வினாவோ கட்டடம் முடிந்த பின்னரே எழுகிறது. அப்போது விடை காண இடமிருப்பதில்லை.

இதற்குச் சென்னை நகரமே சான்றாகும். ஜார்ஜ் டவுனிலுள்ள கொத்தவால் சாவடி, லாரிகள் தோன்றுமுன் அமைந்த சந்தை. வியாபாரம் பெருகிற்று, லாரிகள் வந்தன, தெருக்கள் மட்டும் அகலவில்லை. இந்நெரிசல் காரணமாக மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. காய், கனி, மலர் ஆகியவற்றிற்குத் தனித்தனி வளாகங்களும், லாரிகள் நிற்க இடமும் அங்கு முன்கூட்டியே வகுக்கப்பட்டன.

2020 மே மாதத்தில் கொரோனா காரணமாக அச்சந்தை மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை இயங்கிற்று. நிலம் பரந்தே இருந்தது. ஆனால் மழை பெய்ததும் சேறாயிற்று. ஆகவே இடம் மட்டும் போதாது. பாரம் தாங்கும் தளமும் வடிகாலும் இன்றியமையாதன என்பது விளங்கும்.

இனி, நம் சேரப்பணஞ்சேரியைக் காண்போம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்தை அடுத்துள்ள இவ்வூர் வழியே தொழிற்சாலைகளின் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாகச் செல்கின்றன. அவற்றினிடையே நம் காய்கறி வண்டி சாலையோரத்தில் நின்று மூட்டை இறக்குமாயின், இறக்குபவர் உயிருக்கே ஆபத்து. வண்டியைத் தொலைவில் நிறுத்திச் சுமந்து வந்தாலோ, ஒரே சரக்கிற்கு இருமுறை கூலி. ஒரு சங்கத்தின் செலவுச் சீட்டுகளை ஆய்ந்தபோது இந்த இரட்டைக் கூலியை மாதந்தோறும் கண்டேன். அது அங்கத்தினரின் லாபத்திலிருந்தே கழிகிறது.

ஆதலின் வரைபடத்திலேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டி சாலையில் பின்னோக்கி வராமல், வளாகத்துள்ளேயே திரும்ப வேண்டும். பெரிய கண்டெய்னரின் நீளம் 40 அடி. அதை இழுக்கும் வண்டியின் நீளம் வேறு. அத்தகைய லாரி வருமா, சிறு சரக்கு வண்டி மட்டும் வருமா என்பதை முதலில் முடிவு செய்க. லாரித் தட்டு ஏறக்குறைய 4 அடி உயரமுடையது. கிடங்கு மேடையும் அவ்வுயரத்தில் இருப்பின், மூட்டையைத் தலையில் ஏற்றாது தள்ளுவண்டியில் உருட்டலாம். சிறு வண்டிகளுக்குச் சாய்தளம் வேண்டும். நூல் பேலும் பட்டுச் சேலையும் நனையாதிருக்க மேடைக்குக் கூரை வேண்டும். குப்பை வண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி விடுக.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் கட்டட வரைபடம் வைக்கப்படும்போது, அங்கத்தினர் ஒவ்வொருவரும், “லாரி எங்கே நிற்கும்?” என்று வினவுக. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எளிது. எழுந்த சுவரை இடிப்பது அரிது.